குப்பை என்று நான் அழித்த சிவப்புப் பொட்டுகள்

"பிப்ரவரி 12, திங்கள். விடியற்காலை புல்லில் உறைபனி. ஒன்பதுக்கு மேல் நல்ல வெயில். 9.10: விளையாட்டு விழாப் படங்கள் ஓவிய அறையில் 1,146, சர்வரில் 1,146. ஒவ்வொன்றாக ஒப்பிட்டாயிற்று. எதிலும் ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை. மனோகரனிடம் ஒப்படைத்தேன்."

என் நோட்டில் உள்ள குறிப்பு இது. இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் அன்று பகல் ஒரு தாய் என் அறை வாசலில் வந்து நின்றபோது, இந்த உண்மைகளில் ஒன்றுகூட எனக்குக் கைகொடுக்கவில்லை.

மலையில் உள்ள பள்ளிகளின் கம்ப்யூட்டர் அறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர், ஓய்வு பெற்ற என்னிடம் ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். எந்த ஒயரை எதில் செருக வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நேரங்களை மாற்றவில்லை, அவை நோட்டில் உள்ளபடியே இருக்கின்றன.

நான் வேலை பார்த்தது செண்பகனூர்ப் பக்கம் இருந்த ஒரு உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளைகளைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம்: பிள்ளையின் படத்தைப் பள்ளி வெளியிடலாமா, கூடாதா? கூடாது என்று எழுதியவர்கள் அந்த ஆண்டு பதினேழு பேர். காரணம் கேட்பதில்லை என்பது பள்ளியின் வழக்கம். சிலருக்கு அது மத நம்பிக்கை, சிலருக்கு வெறும் கூச்சம். சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஓவிய ஆசிரியை பிலோமினா டீச்சர்தான் பள்ளியின் புகைப்படக்காரர். அவரிடம் ஒரு மேக் கணினி இருந்தது. விழா முடிந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பதினேழு பேரில் ஒருவர் முகம், பின்வரிசையில் பாதி தெரிந்தாலும் சரி, அந்தப் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் வைப்பார். மேக்கில் வண்ண அடையாளம் வைப்பது ஒரு சொடுக்கு வேலை. எங்கள் பள்ளியில் அதற்குப் பெயர் பொட்டு. "பொட்டு வச்ச படம் கேட்டைத் தாண்டாது" என்று டீச்சர் சொல்லுவார். பொட்டில்லாத படங்களை மட்டும் பொறுக்கி, தானே பள்ளியின் இணையதளத்தில் ஏற்றுவார். பல வருடங்கள் ஒரு குறையும் வந்ததில்லை.

அந்த ஆண்டு நான் அதில் கை வைத்தேன். டீச்சருக்கு வேலைப்பளு. ஆகவே படங்கள் மேக்கிலிருந்து என் சர்வருக்குத் தானாக வரும், அங்கிருந்து ஆபீஸ் கிளார்க் மனோகரனின் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் போகும், அவர் ஏற்றுவார். மூன்று கம்ப்யூட்டர், மூன்று விதமான இயங்குதளம், நடுவில் நான். ஏற்பாட்டை முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனோகரனிடம் ஒரே ஒரு விதி சொன்னேன்: "சிவப்பு இருந்தா விட்டுரு. மத்ததெல்லாம் ஏத்து."

அன்று காலை பத்து மணிக்கு அவர் போன் செய்தார்.

"சார், ஒரு படத்துலகூடச் சிவப்பு இல்லையே சார்."

"நல்லாப் பாத்தியா?"

"ஃபுல்லா பாத்துட்டேன் சார். எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க போல."

நான் அப்போது பிரின்சிபாலின் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அப்படித்தான் இருக்கும்" என்றேன். என் முப்பது வருட வேலையில் நான் சொன்ன மோசமான இரண்டு சொற்கள் அவைதான். பதினேழு வீடுகள் ஒரே வருடத்தில் மனம் மாறுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

11.20க்குப் படங்கள் இணையதளத்தில் ஏறின. 11.41க்கு வசந்தி வந்தார்.

வசந்தி விடுதிச் சமையலறையில் வேலை செய்பவர். கீழே ஏதோ ஒரு ஊரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் மலர் ஆறாம் வகுப்பு. கணவரைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பிரின்சிபாலுக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் எனக்கும் மட்டும் ஒரு விஷயம் தெரியும்: அந்த மனிதர் தேடிக்கொண்டிருக்கிறார், கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்று ஒரு முறை செய்தும் காட்டியிருக்கிறார். வசந்தியின் இடது காதுக்குக் கீழே அதன் தழும்பு இருந்தது. அவர் எப்போதும் முந்தானையை அந்தப் பக்கம் இழுத்துவிட்டிருப்பார்.

அன்று ஓடி வந்ததில் முந்தானை விலகியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சார், மலரு படம் போன்ல வருது சார். பாக்கியம் காட்டுறா. 'உன் மக என்னமா ஓடுறா பாரு'ங்கிறா. பனியன்ல ஸ்கூல் பேரு அப்பிடியே தெரியுது. வெரசா எடுங்க சார்."

பாக்கியம் அவரோடு சமையலறையில் வேலை செய்பவர். மலர் தொடர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது அவருக்குச் சந்தோஷம், காட்டிவிட்டார். அந்தச் சந்தோஷத்துக்காக அவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். பாக்கியம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் படம் மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கும்.

ஆபீசுக்கு ஓடினோம். மனோகரன் திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். "சார், டெலிட் பண்ற ஆப்ஷன் என் லாகின்ல இல்ல சார். ஏத்தலாம், அழிக்க முடியாது." அது நான் வைத்த கட்டுப்பாடுதான். கை தவறி எதையும் அழித்துவிடக் கூடாது என்று வைத்தது. அழிக்கும் அதிகாரம் பிரின்சிபாலின் கணக்குக்கு மட்டும். அதில் நுழைய அவர் போனுக்கு ஓடிபி போகும். பிரின்சிபால் அன்று காலை ஒரு கூட்டத்துக்காகத் திண்டுக்கல் கிளம்பியிருந்தார். காட் ரோட்டில் எந்த வளைவில் சிக்னல் இருக்கும், எதில் இருக்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முறை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. இணையதளத்தைப் பராமரிக்கும் கம்பெனிக்கு அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், பாட்டுப் போட்டது.

இந்த இடத்தில் என் மனது என்ன செய்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அது பொட்டு எங்கே போனது என்று ஆராயத் தொடங்கியது. கையில் போனைப் பிடித்துக்கொண்டே, மேக்கில் குறை இருக்குமா, விண்டோசில் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது ஒரு வியாதி. காரணம் தெரிந்தால் பாதி சரியான மாதிரி நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். வாசலில் நிற்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வசந்திதான் என்னை இழுத்து வெளியே போட்டார். "சார், யோசிக்கிறத அப்புறம் யோசிங்க."

அப்போது மனோகரன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "சார்... போன வருஷம் டீச்சர் லீவுன்னு ஃபுட்பால் மேட்ச் படத்தை நான் ஏத்தி ஒரு கூத்து பண்ணேனே, ஞாபகம் இருக்கா? புதுப் படத்துக்கும் பழைய படத்துக்கும் ஒரே பேரு. ஏத்தினதும் பழசு மேல புதுசு ஏறி உக்காந்துருச்சு. பிரின்சிபால் மேடம்கூட என்னைக் கூப்பிட்டு..."

"ஏலே மனோ! அதேதான்!"

அழிக்கத்தான் அதிகாரம் இல்லை. மேலே ஏற்ற இருந்தது. நான் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தை வரைந்தேன். ஒன்றுமில்லாத வெறும் சாம்பல். அதை 1,146 பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தின் பெயரைக் கொடுக்கும்படி செய்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொன்றும் கடுகளவு, எங்கள் ஆபீசின் நோஞ்சான் இணைப்பிலும் ஓடிவிடும்.

அதற்குள் வசந்தி மலரின் படங்களைத் திரையில் காட்டியிருந்தார். "முதல்ல மலரோட எட்டுப் படத்தை மட்டும் மூடிருவோம் சார்" என்றார் மனோகரன். நானும் சரி என்று தலையாட்டினேன்.

"வேண்டாம்" என்றார் வசந்தி.

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஆயிரம் படத்துல எட்டு மட்டும் மூடிக் கெடந்தா, அது யாரு படம்னு தேட மாட்டானா? மூடுனதே அடையாளம் சார். மூடுனா மொத்தத்தையும் மூடுங்க."

நான் பல வருடங்கள் பல பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். தகவல் பாதுகாப்பு பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒளிந்து வாழ்கிறவருக்கு, எது எதைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்திருக்கிறது.

தொடர் ஓட்டத்தின் படங்கள் அறுபத்திரண்டு. ஒரு பகுதி முழுவதும் ஒன்றாக மறைந்தால் அது ஏதோ கோளாறு போலத்தான் தெரியும். ஆகவே அதை முதலில் அனுப்பினோம், பிறகு மற்றவற்றை வரிசையாக. மனோகரன் பொத்தானை அழுத்தினார். வசந்தி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். மலர் கையை விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டும் படம் சாம்பலாக மாறியபோது மணி 11.56. அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டார். கடைசிப் படம் மூடும்போது 12.07.

"கஞ்சி அடுப்புல கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மனோகரன் நாற்காலியில் சாய்ந்து, "சார், அந்தக் கூத்துக்கு மேடம் குடுத்த மெமோவை இப்பத் திருப்பிக் குடுத்துரலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இனிதான் காரணம் தேடும் நேரம். மலரின் படங்கள் எவை என்று வசந்திக்குத் தெரியும். மற்ற பதினாறு பிள்ளைகள்? தாளில் பெயர்கள் இருந்தன. ஆனால் ஆயிரம் படங்களில் யார் முகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது டீச்சரின் இரண்டு நாள் உழைப்பில்தான் இருந்தது. அதன் ஒரே பதிவு அந்தப் பொட்டுகள். ஓவிய அறைக்குக் கிளம்பினேன். பாதி வழியில், டென்னிஸ் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு காட்டுமாடு பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அதற்கு அவசரம் இல்லை. எனக்கு இருந்தது என்பது அதற்குத் தெரியாது. வேலியோரம் ஒதுங்கி நின்றேன். அதன் மூச்சு வெயிலில் புகையாகத் தெரிந்தது. எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் ஒரே யோசனை: பொட்டு சர்வரில் இல்லை என்றால் இல்லை, மேக்கில் இருக்கும்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "சார்... மேக்ல இல்லையே" என்றார்.

"ஏன் டீச்சர்?"

"நீங்கதானே காலையில 'எல்லாம் சரியா வந்துருச்சு, ஒப்பிட்டுப் பாத்தாச்சு'ன்னு சொன்னீங்க? ஹார்ட் டிஸ்க் ஃபுல்லு, ஃபுல்லுன்னு ஒரு வாரமா அது கத்திட்டு இருந்துச்சு. ஒன்பதரைக்கு எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்."

சுவரில் சாய்ந்துகொண்டேன். பொட்டு வைத்த படங்கள் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. அந்தப் பொறுப்பை அவர் மேல் போட எனக்கு வாய் இல்லை. நான் கொடுத்த உறுதியின் மேல்தான் அவர் அழித்தார்.

"ஆனா பாருங்க சார்" என்று டீச்சர் தொடர்ந்தார், "அழிச்சும் இடமே வரல. இன்னும் ஃபுல்லுன்னுதான் சொல்லுது. இதுவே ரிப்பேர்தான்."

நான் நிமிர்ந்தேன். "ட்ராஷைக் காலி பண்ணீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் நான் தொட மாட்டேன் சார். எனக்குப் பயம்."

அந்தப் பயம் நீடூழி வாழ்க. குப்பைத் தொட்டியைத் திறந்தோம். 1,146 படங்களும் அங்கே இருந்தன, அவற்றில் இருநூற்று மூன்றின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு, வைத்தது வைத்தபடி. டீச்சர் எண்ணத் தொடங்கி, தொண்ணூறில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ போடவா?" என்றார். அந்த டீயைப்போல ஒரு டீயை நான் அதற்குப் பின் குடித்ததில்லை.

டீ குடித்துக்கொண்டே காரணத்தைக் கண்டுபிடித்தோம். காரணம் நான்.

பொட்டு படத்துக்குள் இல்லை. படத்தின் உள்ளடக்கத்தில் ஒரு இம்மியும் மாறாமல், அதன் மேல் ஒட்டிய குறிப்பாக அது இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் மாத்திரைக் கவரின் மேல் 'காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதித் தருவார் அல்லவா? மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். கவர் குப்பைக்குப் போயிருக்கும். கோப்புகளுக்கும் அப்படி ஒரு கவர் உண்டு. கூடுதல் பண்புகள் என்று அதைச் சொல்லலாம். மேக் அதை ஒரு விதமாக வைத்துக்கொள்கிறது, லினக்ஸ் வேறு விதமாக, விண்டோஸ் இன்னொரு விதமாக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது, சொல்லாவிட்டால், கவர் கூட வராது.

மேக் இதை அறிந்த கணினி. கவரை வைக்க இடமில்லாத இடத்துக்குப் படத்தை அனுப்பும்போது, அது அந்தக் கவரை ஒரு குட்டிக் கோப்பாக மடித்து, படத்தின் அதே பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் போட்டு, கூடவே அனுப்பிவிடும். என் சர்வரில் அவை வந்து குவிந்தன. நான்கு நான்கு கிலோபைட். திறந்தால் படிக்க முடியாத கிறுக்கல். ஒழுங்கு பிடித்த மனிதன் நான். மூன்று வருடங்களுக்கு முன்பே, டீச்சரின் வேறு கோப்புகள் வந்துகொண்டிருந்தபோதே, தினமும் காலை ஐந்து மணிக்கு, 'புள்ளி அடிக்கோட்டில் தொடங்கும் எல்லாவற்றையும் அழி' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் என் கையால் ஒரு விளக்கமும்: 'மேக் குப்பை'. சனிக்கிழமை வந்த படங்களின் பொட்டுகள் எல்லாம் ஞாயிறு விடியலில் என் துடைப்பத்துக்குப் போயின. திங்கள் காலை மிச்சத்தை ஒப்பிட்டு, எல்லாம் சரி என்று எழுதினேன்.

"நான் ரெண்டு நாளு உக்காந்து வச்ச பொட்டை எல்லாம் நீங்க அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அழிச்சீங்களா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"நான் எந்திரிக்கல டீச்சர். அதுவே எந்திரிச்சிரும்."

"அது இன்னும் மோசம்."

எனக்குப் பழைய ஆவணங்கள், ஊர் வரலாறுகள், மழைக் கணக்குகள் படிக்கும் பழக்கம் உண்டு. பழைய ஏடுகளை நகலெடுத்தவர்கள் மூலத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பை விட்டுவிடுவார்கள் என்றும், ஆராய்ச்சிக்காரருக்கு வேண்டியது பல சமயம் அந்த ஓரக் குறிப்புதான் என்றும் பலமுறை படித்து, நகலெடுத்தவர்களை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அந்த வரிசையில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வரைக் கவரோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும்படி மாற்றினேன். பிரதி எடுக்கும் நிரலிடம், பண்புகளையும் சேர்த்து எடு என்று சொன்னேன்; அப்படிச் சொன்னால் போதாது, இரு முனையிலும் அந்த நிரலின் பதிப்பு அதைப் புரிந்துகொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று அடுத்த வாரம் பட்டு அறிந்தேன். விண்டோசில் அந்தச் சிவப்பு எப்படியும் கண்ணுக்குத் தெரியாது; மனோகரனுக்கு விதி சொன்னபோது அதைக்கூட நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே பொட்டு வைத்த படங்களின் பெயர்ப் பட்டியலை எல்லா இயங்குதளமும் படிக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாக மேக்கிலேயே எழுதிவிடச் செய்தேன். பிறகு பொட்டு வைத்த ஒரே ஒரு படத்தை மூன்று கம்ப்யூட்டர் வழியாகவும் அனுப்பி, மறுபடி மேக்குக்கே வரவழைத்து, பொட்டு இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. ஐந்து நிமிட வேலை.

இவற்றைவிட முக்கியமானது வேறு. நாங்கள் தடை செய்தவற்றுக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருந்தோம். அடையாளம் தொலைந்தால் தடையும் தொலைந்தது. அந்த வெறுமையைச் சம்மதம் என்று மனோகரனும் நானும் படித்தோம். அன்றிலிருந்து தலைகீழாக மாற்றினோம்: வெளியே போகலாம் என்று டீச்சர் பச்சை வைத்த படம் மட்டுமே போகும். பச்சை வழியில் தொலைந்தால் ஒரு படம் வெளியாகாமல் போகும், அவ்வளவுதான். ஏதாவது தொலையத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, தொலைந்தால் யாருக்கு வலிக்கும் என்று முதலில் கேளுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

பிரின்சிபால் மாலையில் திரும்பி வந்தார். நடந்ததை நேர வரிசைப்படி எழுதிக் கொடுத்தேன். மனோகரன் பெயரை அதில் தவறின் பக்கத்தில் எழுதவில்லை, தீர்வின் பக்கத்தில் எழுதினேன். பிரின்சிபால் முழுவதும் படித்துவிட்டு, "இதை வசந்திக்கிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

நான்தான் போனேன். வசந்தியும் பாக்கியமும் எதிரெதிரே உட்கார்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். வசந்தி அதற்குள் பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"தப்பு என்னோடதும்மா. மனோகரனோ டீச்சரோ ஒண்ணும் பண்ணல. நான் சுத்தம் பண்றேன்னு அழிச்சதுல போயிருச்சு."

அவர் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் உங்க மேல கோவப்படல சார். எங்கிட்ட வந்து சொல்றீங்களே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யாரு யாரு பாத்தாங்கன்னு தெரியுமா?"

"கேட்டு வாங்கித் தரேன்."

"இவரு வாங்கித் தருவாரு" என்று பாக்கியம் முணுமுணுத்தார், "நீ அதை வச்சுக்கிட்டு ராத்திரி தூங்காம கெட."

"தெரிஞ்சா தூங்குவேன்க்கா. தெரியலன்னாதான்."

இணையதளக் கம்பெனியிடம் வருகைப் பதிவைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தது. தொடர் ஓட்டப் பகுதி 11.20 முதல் 11.56 வரை திறந்திருந்தது. அந்த முப்பத்தாறு நிமிடத்தில் அதைத் திறந்தவை ஆறு இணைப்புகள். ஒன்று எங்கள் பள்ளியின் இணைப்பு. மூன்று, வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்கள்; எழுதிக் கேட்டோம், ஆமாம் என்றார்கள். ஐந்தாவது, பழனியில் கடை வைத்திருக்கும் ஒரு அப்பா. அவர் மகனும் அதே ஓட்டத்தில் ஓடியவன். ஆறாவது ஒரு மொபைல் இணைப்பு. 11.33க்கு வந்து, நான்கு படங்களைத் திறந்து, 11.35க்குப் போய்விட்டது. நான்கில் ஒன்று மலரின் படம்.

அது பாக்கியத்தின் போனாக இருந்தால் நேரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏறக்குறைய அந்த நிமிடங்களில்தான் அவர் படத்தைத் திறந்து வசந்தியிடம் காட்டினார். ஆனால் அவரோ, "நான் ஸ்கூல் வைஃபைலதான் சார் பாத்தேன், என் நெட்டுதான் தீந்துபோச்சே" என்றார். எப்போது தீர்ந்தது என்று கேட்டால், அந்தத் திங்களுக்கு முந்தின நாளா, அடுத்த நாளா என்று அவருக்கு நிச்சயமில்லை. சமையலறையில் வைஃபை வரும், போகும்; போகும்போது போன் தானாக மொபைல் இணைப்புக்குத் தாவியிருக்கலாம். பள்ளியிலிருந்து பார்க்கிற எல்லோரும் பதிவில் ஒரே இணைப்பாகத்தான் தெரிவார்கள் என்பதால் அந்தப் பக்கமிருந்தும் பிரித்தறிய வழியில்லை. மொபைல் கம்பெனியிடம் கேட்க வேண்டுமானால் போலீஸ் வழியாகப் போக வேண்டும். போலீஸ் என்றால் எங்காவது ஒரு தாளில் மலரின் பெயர் ஏறும். வசந்தி வேண்டாம் என்றார். நான் எல்லாவற்றையும் இப்படியே, கூட்டாமல் குறைக்காமல், அவரிடம் சொன்னேன். வசந்தி பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்து, "உன் போனுதான்க்கா" என்றார். பாக்கியம், "அப்படியே இருந்துட்டுப் போகட்டும்டி" என்றார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மலர் அதே பள்ளியில் படித்து, இந்த மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். வசந்தி இப்போது சமையலறைக்குப் பொறுப்பாளர். இதுவரை யாரும் தேடி வரவில்லை. கேட்டில் விசாரித்தவர்கூட இல்லை. போன வாரம் போயிருந்தபோது எனக்கு அவரே காபி கொண்டுவந்து கொடுத்து, பிரின்சிபாலின் பிரிண்டர் இன்னும் மக்கர் செய்வதைச் சொல்லிச் சிரித்தார். முந்தானை தோளில் சாதாரணமாகக் கிடந்தது.

அந்த ஆறாவது இணைப்பு பாக்கியத்தின் போன் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அது சரிபார்க்கப்படவில்லை.